பந்து சோறு போடுமா?



போன மாதம் தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் ஒரு தாய் மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். அவருக்குக் கணவர் இல்லை. மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினைந்து வயது.

"ரீச்சர், உவன் படிப்பையும் விட்டிட்டு எந்த நேரமும் பந்தோடை திரியிறான். முந்தநாள் கோவத்திலை அவன்ரை பந்துச் சப்பாத்தைத் தூக்கி அடுப்புக்கை போட்டிட்டன். அண்டையிலை இருந்து என்னோடை கதைக்கிறானில்லை. நீங்களே சொல்லுங்கோ, பந்து சோறு போடுமே?"

சப்பாத்தை எரித்தது பிழை என்று சொல்ல வாய் உன்னியது. ஆனாலும் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடும் பொறுப்பு அவருடைய தலையில் அல்லவா இருக்கிறது? "அடுத்த கிழமை கதைப்பம் தங்கச்சி" என்று அனுப்பிவிட்டேன்.

இரவு படுத்திருந்தபோதுதான் ரொம் ஃபின்னியின் கதை நினைவுக்கு வந்தது. உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பெரிதாகத் தெரிந்தவள் அல்ல நான். பந்தடித்துத் திரிந்த என் தம்பியின் வாயால் முதலில் கேள்விப்பட்டு, பிறகு நானே தேடி வாசித்த கதை இது. அந்தத் தாய்க்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கில் பிறெஸ்ரன் என்றொரு ஊர் இருக்கிறது. பஞ்சாலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்திருந்த தொழிலாளர் ஊர். அங்கே டீப்டேல் என்ற மைதானம். அது பிறெஸ்ரன் நோத் என்ட் என்ற உதைபந்தாட்டக் கழகத்தின் வீடு. அந்த மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் 1922 ஏப்ரல் 5ஆம் திகதி ரொம் ஃபின்னி பிறந்தார்.

பெண்களாகிய எங்களுக்கு அந்த ஊரைப் பற்றி அறிய இன்னொரு காரணமும் உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பிறெஸ்ரனில் இருந்த டிக் கெர் தொழிற்சாலையில் வெடிபொருள் செய்யும் வேலைக்குப் பெண்கள் போனார்கள். அந்தப் பெண்கள் 1917இல் ஓர் உதைபந்தாட்ட அணியை அமைத்தார்கள். அந்த ஆண்டு நத்தார் தினத்தன்று இதே டீப்டேல் மைதானத்தில் விளையாடி, காயப்பட்ட போர்வீரர்களின் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். சுமார் 10,000 பேர் பார்க்க வந்தார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 53,000 பேர். இது ஆண்களின் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. உதைபந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, 1921 டிசம்பர் 5ஆம் திகதி, தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறக்குறைய 50 ஆண்டுகள் நீடித்தது. பிறெஸ்ரன் பெண்களோ ஆட்டத்தை விடவில்லை. கிடைத்த வெளிகளில் 1965 வரை அணியை நடத்தினார்கள். அவர்களில் பேர்போன லிலி பார் தாதியாக வேலை செய்துகொண்டே 1951 வரை விளையாடினார்.

அந்தத் தடை வந்து சரியாக நான்கு மாதங்களில் பிறந்தவர்தான் ரொம் ஃபின்னி. பெண்களுக்குப் படலை சாத்திய அதே மைதானம் அந்த ஆண் குழந்தைக்குத் திறந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருடைய கதையையும் நாங்கள் கேட்க வேண்டும்.

ஃபின்னிக்கு நான்கு வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டார். எழுதுவினைஞராக வேலை பார்த்த தகப்பனார்தான் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். சிறுவன் மெலிந்தவன், கட்டையானவன், அடிக்கடி சுகமில்லாமல் போகிறவன். ஆனால் பந்தென்றால் உயிர். பிறெஸ்ரன் கழகத்தில் ஆடிய அலெக்ஸ் ஜேம்ஸ் என்பவரும் கட்டையானவர்தான். அவரைப் பார்த்துப் பார்த்துத் தெருவில் பழகினான். இயல்பிலே இடது கால்காரன். வலது காலாலும் அதே அளவுக்கு அடிக்கும்வரை விடாமல் பயிற்சி செய்தான்.

பதினைந்து வயதளவில் பிறெஸ்ரன் கழகம் அவனைத் தன் மைதானத்தில் முழுநேரமாக வந்து சேரும்படி கேட்டது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தகப்பனார் மறித்துவிட்டார். மகன் அப்போது தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை பழகிக்கொண்டிருந்தான். "முதலில் தொழிலைப் பழகி முடி. பந்தைப் பின்னேரங்களில் அடி" என்பதுதான் அவருடைய முடிவு. மகனுக்கு மனம் நொந்திருக்கும். என்றாலும் கேட்டு நடந்தான். பகலில் குழாய் வேலை, மிச்ச நேரத்தில் பந்து.

சகோதரிகளே, தாயில்லாப் பிள்ளைகளைத் தனியே வளர்த்த அந்த மனிதருக்கும் எங்கள் தையல் வகுப்புத் தாய்க்கும் இருந்தது ஒரே பயம்தான். ஆனால் அவர் பந்தைப் பறிக்கவில்லை. பந்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிலையும் வைத்தார்.

1940இல் ஃபின்னி சம்பளம் பெறும் வீரரானார். அதற்குள் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது. வழமையான சுற்றுப்போட்டிகள் எல்லாம் நின்றுபோயின. யுத்த காலத்துக்கென்று நடத்திய கிண்ணப் போட்டியில் 1941இல் பிறெஸ்ரன் அணி ஆர்சனல் அணியை வென்றது. அந்த அணியில் 19 வயது ஃபின்னியும் இருந்தார். அடுத்த ஆண்டு இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். எகிப்தில் இருந்தார். பிறகு இத்தாலியில் யுத்த தாங்கி ஓட்டினார். 1945 ஏப்ரலில் அங்கு நடந்த கடைசிச் சண்டைகளிலும் அவர் இருந்தார்.

ஒரு விளையாட்டு வீரருக்கு 18 முதல் 24 வரையான வயது எவ்வளவு பெறுமதியானது! அந்த ஆண்டுகளை யுத்தம் விழுங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் பங்கருக்குள் இருந்தவர்களும், தாலி ஏறிய கையோடு இடம்பெயர்ந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். போன ஆண்டுகள் போனதுதான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபின்னி உயிரோடு திரும்பினார். திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். தனக்குக் கிடைத்தது மிச்ச வாழ்வு என்பதை அறிந்தவர் போலவே அவர் அதன்பின் நடந்துகொண்டார்.

1945இல் எல்சி என்ற பெண்ணை மணந்தார். 1946 ஓகஸ்ட் 31இல், தன் 24ஆவது வயதில், பிறெஸ்ரன் அணிக்காக முதலாவது லீக் ஆட்டத்தை ஆடினார். நான்கே கிழமைகளில் இங்கிலாந்தின் தேசிய அணிக்கும் தெரிவானார். வட அயர்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 7-2 என்று இங்கிலாந்து வென்றது. அதில் ஒரு கோல் ஃபின்னியுடையது. 1958 வரை நாட்டுக்காக 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல்கள் போட்டார். 1950, 1954, 1958 ஆகிய மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளிலும் ஆடினார். வலது ஓரம், இடது ஓரம், நடு என்று எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றார். தன் ஆட்டக் காலம் முழுவதிலும் முரட்டு ஆட்டத்துக்காக ஒருமுறையேனும் நடுவரால் எச்சரிக்கப்படவும் இல்லை, வெளியேற்றப்படவும் இல்லை.

இவ்வளவு புகழ் வந்தபின்பும் அவர் குறட்டைக் கீழே வைக்கவில்லை. சகோதரருடன் சேர்ந்து குழாய் வேலை நிறுவனம் நடத்தினார். சனிக்கிழமை மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கத்திய மனிதர், கிழமை நாட்களில் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் முழங்காலில் இருந்து ஒழுகும் குழாயைத் திருத்திக்கொண்டிருப்பார். "பிறெஸ்ரனின் பிளம்பர்" என்பதுதான் நாடு முழுவதும் அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். அதை அவர் தாழ்வாக நினைத்ததே இல்லை.

இனித்தான் கதையின் முக்கியமான இடம்.

1952இல் இங்கிலாந்து அணியோடு ஃபின்னி இத்தாலிக்குப் போயிருந்தார். அங்கே பலேர்மோ என்ற நகரத்துக் கழகம் அவரைக் கேட்டது. கையொப்பம் வைப்பதற்கே 10,000 பவுண். மாதச் சம்பளம் 130 பவுண். அதோடு வீடு, கார். பிறெஸ்ரனில் அவருக்குக் கிடைத்தது கிழமைக்கு 14 பவுண் அளவில்தான். கணக்குப் பார்த்தால் அந்தக் கையொப்பக் காசு மட்டும் அவருடைய 13 ஆண்டுச் சம்பளத்துக்கும் அதிகம்.

பணத்தை உதறிவிட்டு ஊருக்காக நின்ற விசுவாசி என்று பலரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அப்படியல்ல. ஃபின்னிக்கும் ஆசை இருந்தது. கழகத் தலைவரிடம் போய்க் கேட்டார். விடமுடியாது என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டதிட்டம் அப்படி இருந்தது. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும், கழகம் விடுவித்தாலொழிய அவர் வேறொரு கழகத்துக்குப் போகமுடியாது. எவ்வளவு திறமை இருந்தாலும் குறித்த ஓர் உச்சத் தொகைக்குமேல் சம்பளம் கொடுக்கவும் கூடாது. பல்லாயிரம் பேர் காசு கொடுத்து அவரைப் பார்க்க வந்தார்கள். அந்தக் காசில் அவருக்குக் கிடைத்தது ஒரு தொழிலாளியின் கூலியிலும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு யோசித்தேன். போக விடாமல் மறித்து வைத்திருப்பதற்குப் பெயர் விசுவாசமா?

எங்களைப் பார்த்தும் சொல்கிறார்கள்தானே? "அவள் பொறுமைசாலி. இவ்வளவு கஷ்டத்திலும் வாய் திறக்காமல் இருக்கிறாள்." கணவனை இழந்தபின் மாமியார் வீட்டு மூலையில் இருப்பவளை இப்படிப் புகழ்வார்கள். வேலைக்குப் போகக் கேட்டவளை மறித்துவிட்டு, "அவள் வீட்டை விட்டு வெளிக்கிடாதவள்" என்று பெருமையாகச் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் இருப்பவளைப் புகழ்ந்து புகழ்ந்தே வழியை அடைத்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் புகழப்பட்டவள்தான். அந்தப் புகழ் பிள்ளைகளின் கொப்பி வாங்கவும் உதவவில்லை.

அப்படியென்றால் ஃபின்னியிடம் நாங்கள் எதை மெச்சுவது? மறித்தார்களே என்று அவர் மனம் கசந்து கால் இழுத்து விளையாடவில்லை. முன்பைவிட நன்றாக ஆடினார். 1953இல் பிறெஸ்ரனும் ஆர்சனலும் ஒரே 54 புள்ளிகளோடு நின்றன. கோல் கணக்கில் நூலிழையில் பிறெஸ்ரன் முதலிடத்தைத் தவறவிட்டது. 1954இல் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் 3-2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் அவர் சோபிக்கவில்லை. ஆனாலும் நாட்டின் ஆண்டின் சிறந்த வீரர் விருது அதே ஆண்டு அவருக்குக் கிடைத்தது. 1957இல் மறுபடியும் கிடைத்தது. அந்த விருதை இரண்டு தடவை பெற்ற முதலாவது வீரர் அவர்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கழகம் அவருடைய கால்களைக் கட்டி வைத்திருந்ததே ஒழிய, கைகளைக் கட்டவில்லை. சம்பளம் உயராது என்று தெரிந்தவர் தன் தொழிலைப் பெருக்கினார். பதினைந்து வயதில் தகப்பனார் பிடிவாதமாகப் பழக்கிய தொழில் இப்போது கைகொடுத்தது. அந்த வருமானம் இருந்ததால் அவர் யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. ஊரில் நிற்பது கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய சொந்த விருப்பமாகியது.

1960 ஏப்ரல் 30இல், அரைப்பகுதி உபாதை காரணமாக, தன் 38ஆவது வயதில் விளையாட்டிலிருந்து விலகினார். பிறெஸ்ரனுக்காக 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். அடுத்த ஆண்டே அந்தக் கழகம் முதலாம் பிரிவிலிருந்து கீழே இறங்கிவிட்டது. ஒரு மனிதர் எவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் தோளை எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் வீடுகளிலும் இப்படித்தானே?

அவருக்குக் கிடைக்காத நியாயம் அவருக்குப் பின்வந்தவர்களுக்குக் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. வீரர்கள் தங்கள் சங்கத்தில் ஒன்றுகூடி, வேலைநிறுத்தம் செய்வோம் என்று உறுதியாக நின்றபோது, 1961இல் உச்சச் சம்பள விதி ஒழிந்தது. வீரர்களை மறித்து வைக்கும் விதி நியாயமற்றது என்று 1963இல் நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. தனித்தனியாகப் பொறுமை காத்த காலமெல்லாம் அசையாத விதி, ஒன்றாக நின்று கேட்டபோது அசைந்தது. எங்கள் மாதர் சங்கங்களில் உள்ளவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபின்னி பிறெஸ்ரனை விட்டுப் போகவேயில்லை. இப்போது அவரை மறித்து வைக்க யாரும் இல்லை. அதனால்தான் இந்த ஆண்டுகளை நான் விசுவாசம் என்பேன். தன் தொழிலை நடத்தினார். சமாதான நீதவானாக இருந்தார். ஊரின் சுகாதார சபைக்குத் தலைமை தாங்கினார். தன்னை விடமாட்டேன் என்ற அதே கழகத்துக்குப் பின்னாளில் தலைவராகக் கௌரவிக்கப்பட்டார். 1998இல் அரசு அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கியது.

கடைசியாக அவர் செய்த வேலைக்குப் பார்வையாளர்கள் இல்லை. மனைவி எல்சிக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வந்தது. பழகிய முகங்களும் நடந்த காரியங்களும் மெல்ல மெல்ல அழிந்துபோகும் நோய் அது. முதுமையில் இருந்த ஃபின்னி வீட்டில் வைத்து அவரைப் பராமரித்தார். நாடே கொண்டாடிய மனிதர், 80 வயதளவில் ஒரு நோயாளியின் துணையாக நாட்களைக் கழித்தார். படுக்கையில் கிடக்கும் தாயையோ, யுத்தத்தில் கால் இழந்த கணவரையோ பராமரிக்கும் சகோதரிகளுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். எங்கள் ஊரில் அதைப் பெண்ணின் கடமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அது ஆணுக்கும் உரிய வேலைதான். எல்சி 2004இல் காலமானார்.

அதே ஆண்டு டீப்டேல் மைதானத்துக்கு வெளியே ஃபின்னிக்கு ஒரு சிலை வைத்தார்கள். 1956இல் மழைவெள்ளம் தேங்கிய மைதானத்தில், தண்ணீர் இரு பக்கமும் தெறிக்க அவர் பந்தோடு சறுக்கிப் போகும் புகைப்படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துச் செய்த சிலை. சுற்றிவரத் தண்ணீர் பீறிடும்படி அமைத்திருக்கிறார்கள். குழாய் வேலைக்காரருக்குப் பொருத்தமான சிலைதான் என்று நினைத்துக்கொண்டேன். 2014 பெப்ரவரி 14இல், 91ஆவது வயதில் அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தின்போது ஊர்ச்சனம் வீதியின் இருமருங்கிலும் நின்று வழியனுப்பியது.

அடுத்த கிழமை வகுப்பு முடிந்ததும் இந்தக் கதையை அந்தத் தாய்க்குச் சொன்னேன். நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அப்ப, அந்தத் தகப்பன் சப்பாத்தை எரிக்கேல்லை" என்றார்.

"இல்லைத் தங்கச்சி. தொழிலையும் பழகு, பந்தையும் அடி எண்டு சொன்னவர். பந்து எல்லாருக்கும் சோறு போடாது. ஃபின்னி அளவுக்கு ஆடினவருக்கே அரைவயிறுதான் போட்டது. மிச்சத்தைக் குறடுதான் போட்டது. ஆனால் பந்து இல்லாட்டி அந்தப் பிள்ளை யுத்தத்தாலை வந்து எதைப் பிடிச்சுக்கொண்டு எழும்பியிருக்கும்? உன்ரை பிள்ளையும் தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளைதானே. முதல்லை சாதாரண தரத்தை எழுதட்டும். பிறகு தொழிற்பயிற்சிக்கு விடு. பின்னேரத்திலை விளையாடட்டும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்:

"ரீச்சர், பழைய பந்துச் சப்பாத்து ஒரு சோடி என்ன விலை வரும்?"

அடுத்த இதழில் சந்திப்போம்.